செவுத்துல ஒட்டுன ரெண்டு தாளு

என் பேத்திக்கு இன்னியோட அம்பத்தெட்டு நாளு. நான் போய் நின்னா சிரிக்குது. அவ ஆயா, என் பொண்டாட்டி வள்ளியம்மாள், போய் நின்னா கொட்டாவி வுடுது. இதச் சொன்னா வள்ளியம்மாளுக்குக் கோவம் வருது. வரட்டும், நெசம் அதான். காலையில அந்தச் சிரிப்பப் பாத்துட்டா நான் டீயக் கூட மறந்துடறேன்.

ஆனா நான் சொல்ல வந்தது பேத்தி கதை இல்ல. அதப் பெத்த என் பொண்ணு தமிழ்மொழி கதை.

டிப்ளமா முடிச்சவ. நெய்வேலியில வயர் இழுக்காம, மாடிக்கு மாடி டிஷ்ஷு வெச்சி நெட்டு குடுக்கற ஒரு சின்ன கம்பெனி. மதிவாணன்னு ஒருத்தர் நடத்தறாரு. டவுன்ஷிப்புல சில பிளாக்கு, வெளிய குறிஞ்சிப்பாடி, மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் போவுது. அதுல ஆறு வருசம் வேல பாத்தா. எந்த மாடியில எந்த ரவுட்டர் பெட்டி, எது எதோட பேசுதுன்னு அவளுக்கு மனப்பாடம். ஆறு வருசமும் காண்ட்ராக்ட்டுதான்.

ஒம்பதாம் மாசம் லீவு கேக்கப் போனா. நான்தான் வண்டியில கூட்டிகினு போனேன். மதிவாணன் என் காது கேக்கத்தான் சொன்னாரு: "மூணு மாசம் கழிச்சி வாம்மா. உன் சீட்டு உனக்குத்தான். வந்ததும் பர்மனண்ட் ஆர்டர் கையில குடுக்கறேன்."

பர்மனண்ட்டு. எங்க வூட்டுல யாருக்கும் அது வாய்ச்சதில்ல. நான் இருபத்திரெண்டு வருசம் மைன்ஸ்ல ஒரு காண்ட்ராக்டர்கிட்ட பெல்ட்டு ஜாயிண்ட் போட்டவன். கரி போற பெல்ட்டு அறுந்தா ரெண்டு முனையும் சீவி, பசை தடவி, சூடு வெச்சி ஒட்டற வேல. நான் போட்ட ஜாயிண்ட்டு அறுந்ததா யாரும் சொன்னதில்ல. கடைசி வருசம் காண்ட்ராக்டரு, "கொளஞ்சி, புதுசா வந்தவனுங்களுக்கும் கத்துக் குடுப்பா, உன்ன வுடமாட்டேன்"னாரு. ஒளிக்காம கத்துக் குடுத்தேன். மூணாம் மாசம் கேட் பாஸ வாங்கிகினு, போய் ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டாரு.

சரி, பொண்ணு கதைக்கு வரேன்.

பேத்தி பொறந்து முப்பதாவது நாளு, பத்து மணிக்கு ஃபோன் வந்துது. தமிழ்மொழி எடத்துக்கு வெச்சிருந்த அருண்ராஜ். டவுன்ஷிப்புப் புள்ள, அவங்கப்பா மைன்ஸ்ல பர்மனண்ட்டு. ஸ்பீக்கர்ல போட்டுட்டு இவ புள்ளைக்குக் கால் நீவிகினு இருந்தா.

"அக்கா, நாலு நாளா நெட்டு நிக்க மாட்டேங்குது. சார் என்னத் திட்டியே கொன்னுடுவாருக்கா."

"சுத்தமா இல்லியா, வந்து வந்து போவுதா?"

"வந்து வந்து போவுது. மைன்ஸ்ல வெடி வெக்கறதுல டிஷ்ஷு ஆடுதுன்னு ரெண்டு வாட்டி திருப்பிட்டேன்."

"சிக்னல் எவ்ளோ காட்டுது?"

"ஃபுல்லா காட்டுது."

"ஃபுல்லா காட்டற டிஷ்ஷ எதுக்குடா திருப்பன? பழையபடி திருப்பி வெச்சி வுட்டுடு. எந்த ஏரியா?"

"எல்லாந்தாங்க்கா. நான் கையே வெக்காத மேல்பட்டாம்பாக்கம் கூட."

கால் நீவற கை நின்னுடுச்சி. "அப்ப இது டிஷ்ஷு இல்ல. வழி"ன்னா.

அப்புறம் எனக்குச் சொன்னா. அந்தப் பெட்டிங்களுக்கு எந்தப் பக்கம் போவணும்னு யாரும் சொல்ல வேண்டாமாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. "நான் இன்ன நம்பரு, எனக்குப் பக்கத்துல இன்னின்னது இருக்கு"ன்னு ஒவ்வொண்ணும் மத்ததுக்கெல்லாம் சொல்லி அனுப்பும். அத வெச்சி ஒவ்வொரு பெட்டியும் ஒரு படம் போட்டுக்குமாம். ஒரு வழி அடைஞ்சா படத்தப் பாத்து வேற வழியில திருப்பி வுட்டுக்கும்.

"படம் சரியில்லன்னா?"ன்னேன்.

"அதாம்பா இப்ப நடக்குது."

அருண்ராஜ ஒவ்வொரு மாடியா ஏறச் சொன்னா. பெட்டி காட்டறத ஃபோட்டோ புடிச்சி அனுப்பச் சொன்னா. இவ நாட்காட்டித் தாளத் திருப்பிப் போட்டு, ஒரு கையில புள்ள, ஒரு கையில பேனாவோட கோடு இழுத்துகினே இருந்தா. புள்ள பாலுக்கு அழுதா பேனா கீழ. குடிச்சி முடிச்சா மறுபடியும் பேனா. வள்ளியம்மாள், "பச்சை ஒடம்புக்காரி, கண்ணு கெட்டுடும்"னு அடுப்பாண்ட இருந்து கத்துனா. யாரும் காதுல வாங்கல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்கு ஃபோன நீட்டுனா. "எப்பா, இந்த எண்ணப் பாரு. பெட்டி தன் சேதிய அனுப்பற ஒவ்வொரு வாட்டியும் இது ஒண்ணு ஏறும், அரை மணிக்கு ஒரு வாட்டி ஏறுனா போதும். ஒரே நிமிசத்துல எடுத்த ரெண்டு ஃபோட்டோ, அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு ஏறிடுச்சி. பதினொன்னாம் நம்பர் பெட்டி முதல்ல 'என் பக்கத்துல இருவதாம் நம்பர் பெட்டி'ங்குது. அடுத்த ஃபோட்டோவுல 'என் பக்கத்துல மேல்பட்டாம்பாக்கம்'ங்குது. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்படிப்பா இருப்பான்?"

மேல்பட்டாம்பாக்கத்துப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்க வேண்டியது குறிஞ்சிப்பாடிப் பெட்டியாம். உடனே அருண்ராஜக் கூப்புட்டா. "குறிஞ்சிப்பாடியில இருக்கற பெட்டி எங்க இருந்து வந்துது?"

"இடி வுழுந்து பழசு எரிஞ்சிடுச்சிக்கா. பதினொன்னாம் பிளாக்குல ஒரு குவார்ட்டர்ஸ இடிக்கப் போறாங்கன்னு கழட்டனோம் இல்ல, அத மாட்டிட்டேன்."

"நம்பர மாத்துனியா?"

"அது அந்தப் பெட்டி நம்பர்தானக்கா? பெட்டியோடவே வந்துடுச்சி."

"பதினொன்னாம் பிளாக்குல?"

"வேற மாடியில புதுசு ஒண்ணு போட்டு, அதுக்கும் அதே நம்பர் குடுத்தேன். பதினொன்னாம் பிளாக்குன்னா பதினொன்னுதானே?"

இவ தலையில கைய வெச்சிகினா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ் மாறுனா பேர் பலகைய கழட்டிகினு போயி புது வூட்டுல மாட்டிக்குவாங்க. கதவு நம்பர் மட்டும் அங்கியே நிக்கும். அந்தப் புள்ள கதவு நம்பரையும் சேத்துக் கழட்டிகினு போயிருக்கு. நம்பர் வெச்சவனுங்களும் டவுன்ஷிப்பு ஆளுங்கதான். பெட்டிக்குன்னு தனி நம்பர் வெக்காம பிளாக் நம்பரையே வெச்சிட்டானுங்க.

"குறிஞ்சிப்பாடிய, வேற எதுக்கும் இல்லாத நூத்தி ரெண்டுன்னு மாத்து. மாத்திட்டு, அந்தப் பெட்டி மத்ததோட வழி பேசிக்கறத மட்டும் ஒரு வாட்டி நிறுத்திட்டு மறுபடி ஓட வுடு."

இருவது நிமிசத்துல எல்லா ஏரியாவுலியும் நெட்டு வுட்டு வுட்டுப் போவாம நின்னுடுச்சி. நாலு நாளு அந்தாளுங்க அலைஞ்சத, எம்பொண்ணு புள்ளைய மடியில போட்டுகினு நாலு மணி நேரத்துல முடிச்சா.

மதிவாணன் அவரே பேசுனாரு. "தங்கம்மா நீ! ஒண்ணு பண்ணு. எப்படிக் கண்டுபுடிச்ச, எந்தெந்தப் பெட்டிக்கு எந்த நம்பரு, எல்லாத்தையும் எழுதி அனுப்பு. ஆபீஸ்ல ஒட்டி வெக்கலாம்."

ஃபோன வெச்சிட்டு என்னைப் பாத்தா. "எழுதிக் குடுக்கட்டுமாப்பா? மனசு ஒரு மாதிரி இருக்கு."

நான் என்னா சொன்னேன் தெரியுமா? இருபத்திரெண்டு வருசத்துக்கு அப்புறமும், கேட் பாஸக் குடுத்துட்டு வந்தவன், நான் சொன்னேன்: "எழுதிக் குடும்மா. செஞ்ச உதவிய மறக்க மாட்டாங்க."

ரெண்டு தாளு எழுதுனா. முத்து முத்தா எழுத்து. நானே கொண்டு போயிக் குடுத்தேன்.

அம்பத்தஞ்சாவது நாளு, சொன்ன மூணு மாசம் முடிஞ்சி, புதுச் சுடிதார் போட்டுகினு ஆபீஸுக்கு வந்தா. வாசல்ல நான் பேத்திய வெச்சிகினு நின்னேன். கண்ணாடிக் கதவு வழியா எல்லாம் தெரிஞ்சுது, பேச்சும் கேட்டுது. செவுத்துல அந்த ரெண்டு தாளு, மேல பிளாஸ்டிக் ஒட்டி. கீழ அவ சீட்டுல அருண்ராஜ். அந்தப் புள்ள எழுந்து நின்னுது. அப்புறம் எங்க நிக்கறதுன்னு தெரியாம மறுபடியும் ஒக்காந்துது.

மதிவாணன் பொறுமையாத்தான் பேசுனாரு. "கைக்கொழந்தையோட எப்படிம்மா மாடி ஏறுவ? இப்பதான் எல்லாம் இதுலியே இருக்கே, பையன் பாத்துக்கறான். நீ நல்லா ரெஸ்ட் எடு."

அதே வார்த்தை.

வர்ற வழியில அவ அழுவல. வண்டியில பின்னாடி ஒக்காந்துகினு புள்ள தலையில வெயில் படாம துணிய இழுத்து வுட்டுகினே வந்தா. குறுக்கு ரோட்டாண்ட மட்டும், "எம்பேரயாவது கீழ எழுதியிருக்கலாம்பா. நானே எழுத மறந்துட்டேன்"னா. 

இன்னிக்குக் காலையில பேத்தி என்னைப் பாத்துச் சிரிச்சிகினு இருக்கறப்ப அவ ஃபோன் அடிச்சிது. அருண்ராஜ். நான் எடுத்தேன்.

"அக்கா இல்லீங்களா? ஏழாம் பிளாக்குல ஒரு..."

"செவுத்துல இருக்குது. படிச்சிக்க"ன்னு வெச்சிட்டேன்.

தமிழ்மொழி உள்ள இருந்து கேட்டுகினுதான் இருந்தா. "அவன் மேல என்னாப்பா கோவம்? அவனும் காண்ட்ராக்ட்டுதான்."

எனக்குத் தெரியாதா. திருப்பிக் கூப்புடட்டும்னு ஃபோன அவகிட்ட நீட்டுனேன். வாங்கல. புள்ளைய வாங்கிகினா.