பொட்டு வைத்துப் போன நாணயம்

சேகரிப்பவர்களுக்கென்றே அச்சடிக்கும் என் புரூஃப் நாணயம் ஒன்றைத் தர மதிப்பீட்டுக்கு அனுப்பும் நாள் இன்று. கண்ணாடி போலப் பளபளக்கும் காசு. ஒரு விரல் ரேகை பட்டாலும் மார்க் போய்விடும். கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்து, பிளாஸ்டிக் கவரில் நுழைத்து, மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் காசின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்றேன் மனைவியிடம்.

"பரீட்சை மாதிரி, எழுபதுக்கு மார்க் போடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. மக ஹால் டிக்கெட்டுக்கும் இப்படித்தானே வச்சு அனுப்புனோம். பதறாதீங்க, காசத் தொடல. கவர் மேலதான் வச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். துடைத்தால் குங்குமத் தூள் கவருக்குள் இறங்கிவிடும்; கவரை மாற்றக் காசை மறுபடி வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. பொட்டோடு பொதிந்தேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கூரியர் கடையில் பார்சலைத் திறந்து காட்டச் சொன்னார் அங்கிருந்த பெண். "கோயில் பிரசாதமாங்க?"

"இல்லைங்க, பரீட்சை எழுதப் போகுது."

எழுபது வந்தால் அது பொட்டு வாங்கித் தந்த மார்க். குறைந்தால் நான் பொதிந்த லட்சணம். வீட்டில் தீர்ப்பு இப்போதே வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இதே நீதிமன்றம்தானா?