மாமா வரைந்த கடல்

அண்ணனூர் ரயில் ஷெட்டை விட்டு ஆவடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம், நானும் என் ஆறு வயது மகளும். சனிக்கிழமை மத்தியான வெயில். அவள் செருப்பில் ஒன்றின் வார் அறுந்துவிட்டது. இரண்டையும் நான் கையில் பிடித்திருந்தேன். ஜல்லிக்கல் குத்தும்போதெல்லாம் அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடலைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பள்ளிக்கூட வாசலிலிருந்து யாரிடமும் சொல்லாமல் அவளைக் கூட்டிவந்தவன் நான். அவளுக்கு நான் காட்டியது, கழுவுவதற்காக வரிசையாக நிறுத்தி வைத்திருந்த காலி ரயில் பெட்டிகளை.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. அதற்குக் காரணம் என் அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நாங்கள் ஆவடிக்குப் பக்கத்திலேயே மேனாம்பேட்டுக்காரர்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன், பம்பாயில் ஓட்டலில் மாவாட்டினேன், மங்களூரில் ஓட்டுச் சூளையில் மண் மிதித்தேன். நடுவில் கல்யாணம் நடந்தது. மகள் பிறந்த எட்டாவது மாதம் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் லாரி ஏறினேன். வேறு என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவேன். வரும்போதெல்லாம் மகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்வேன். பம்பாய்க் கடல் எந்த நிறம், மங்களூர்க் கடலில் சூரியன் எப்படி விழும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, உனக்கு நம்ம ஊர்க் கடலை நான்தான் காட்டுவேன் என்று முடிப்பேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு வாக்குதான். சட்டை, புத்தகம், காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் மாமா வாங்கிக் கொடுத்தார். அவருடைய இரண்டு பையன்களைப் போலவே அவளும் அவரை அப்பா என்றாள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்; என்னை அப்படிக் கூப்பிட அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் அதை ஏதோ என்னுடைய பெயர் என்பது போலத்தான் சொல்வாள்.

அந்த முறை நான் வந்து இறங்கியபோது, மாமா எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம் போட்டிருந்தார். மற்றவர்கள் மாதிரி கிளம்பிப் போய்விட அவரால் முடியாது. மூன்று வாரத்துக்கு முன்பே தனியாகப் போய் மெரினாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பத்து மணிக்கு மேல் மணல் பிள்ளைகளின் காலைச் சுடும், அதனால் விடியற்காலை வண்டியில் போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஆவடியிலேயே புறப்படுகிற வண்டி என்றால் உட்கார இடம் கிடைக்கும். முதல் பெட்டியில் ஏறினால் சென்ட்ரலில் கூட்டத்துக்கு முன்னால் வெளியே வந்து பஸ் பிடிக்கலாம். தயிர்சாதம் வேண்டாம், கையெல்லாம் ஒட்டும்; இட்லியில் பொடி தடவி எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருந்தார்.

அதோடு விடவில்லை. அவர்கள் தொழிற்சாலையில் தீப்பிடித்தால் யார் எந்த வாசல் வழியாக ஓடுவது என்று மாதம் ஒருமுறை ஒத்திகை நடக்குமாம். அதே மாதிரி கடற்கரைக்கும் ஒத்திகை வைத்தார். வியாழக்கிழமை சாயந்தரம் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ரயில் வரைந்தார், பஸ் நிற்கிற இடம் வரைந்தார், மணல், ஈர மணல், அதற்கப்பால் அலை. பையன்களும் என் மகளும் ரயிலுக்குள் உட்கார்ந்தார்கள். அவர் கை தட்டினால் இறங்க வேண்டும். இரண்டாவது முறை தட்டினால் கோடு தாண்டாமல் நிற்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் இல்லை, வயிறும் எரிந்தது. "இன்னா மாமா, பீச்சுக்குப் போறதுக்கு இத்தினி யோசனையா? நான் பம்பாய்க்கே யோசிக்காம போய்க்கினு வந்தவன்" என்றேன்.

மாமா தரையை விட்டு நிமிரவில்லை. "ஒத்த ஆளுக்கு அது சரிதான் மாப்ள. மூணு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறவன் யோசிக்காமப் போனா, பம்பாய் வேணா வரும், பீச்சு வராது" என்றார். அக்கா அடுக்களையிலிருந்து சத்தமாகச் சிரித்தாள்.

அது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் மகள் சாக்பீஸ் அலைக்குப் பக்கத்தில் போய் நின்று, கீழே பார்த்து, "அப்பா, நிஜக் கடலும் இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். அவரைப் பார்த்துக் கேட்டாள். கிழக்கு, மேற்கு இரண்டு பக்கக் கடலையும் பார்த்தவன் நான், சுவரில் சாய்ந்து மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமாவோ வறண்ட காட்டு ஊரில் பிறந்து, மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒழுங்காகக் கடலைப் பார்த்தவர். ஒத்திகை முடிவதற்குள் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவருக்கு முன்னால் நான் காட்டிவிட வேண்டும் என்று அப்போது தோன்றியதுதான். இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனேன். சென்ட்ரலிலிருந்து ஒரு மின்சார வண்டி வந்து நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள், பெட்டி காலியானது. இனி இது திரும்பி சென்ட்ரல் போகும் என்று நானே முடிவு செய்து முதல் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். பார்த்தாயா, கோடு போடாமலே இடம் கிடைத்தது என்று மனதுக்குள் மாமாவிடம் சொன்னேன். தினமும் போய் வருகிறவர்களுக்கு அது எந்த வண்டி என்று தெரியும். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நின்றும் ஒருவர்கூட ஏறவில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. வண்டி நகர்ந்தது, கொஞ்ச தூரத்தில் பிரதானப் பாதையை விட்டு விலகியது, ஷெட்டுக்குள் போய் நின்றது. பெட்டியின் மின்விசிறிகள் சுற்றுவதை நிறுத்தின.

துடைப்பத்தோடு ஏறிய ஊழியர் எங்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னா அண்ணாத்தே, புள்ளய இட்டுக்கினு ஷெட்டுக்கு டூரா?"

பீச்சுக்குப் போக ஏறினோம் என்றேன்.

"கழுவ வர வண்டில குந்திக்கினு பீச்சுக்குப் போறியா? இரு, உன்னையும் சேத்துக் கழுவி அனுப்பறேன்." சிரித்தாலும் மகளின் கையைப் பிடித்து அவர்தான் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டார்.

அப்படித்தான் அந்த நடை. பாதி வழியில் மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அப்பாவா இருந்தா கேட்டுட்டு ஏறியிருப்பாங்க." கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒரு சேட்டு கன்னத்தில் அறைந்தும் இருக்கிறார். அவையெல்லாம் எனக்கு மறந்துவிட்டன.

ரயில் பாதையை ஒட்டிய சாலையில் மாமா காக்கி உடுப்போடு சைக்கிளில் வந்தார். பள்ளிக்கூடத்திலும் ஸ்டேஷனிலும் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். இறங்கியதும் அவள் பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். "தண்ணி குடிச்சாளா?" என்று மட்டும் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் கை நீட்டியதும், என்னிடம் வரமாட்டேன் என்றவள் தாவி ஏறி முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வீட்டு வாசலில் அக்கா பிடித்துக்கொண்டாள். "சொல்லாம கொள்ளாம புள்ளய இட்டுக்கினு போனியே, நீ இன்னா புள்ள புடிக்கறவனாடா? ஊடு ஊடா தேடிக்கினு கீறேன் நான்!"

"ஏட்டி, விடு. ரயிலக் காட்டிட்டு வாரும்னு நாந்தான் சொன்னேன். உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றார் மாமா. அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்காக ஒரு பொய் சொல்லக்கூட அவர்தான் வேண்டியிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். கூடத்தில் மாமா கூப்பிட்டார். அழியாமல் கிடந்த சாக்பீஸ் கோடுகளைக் காட்டினார். ஈர மணலில் ஜோடி ஜோடியாக வட்டங்கள். "இது உங்க அக்காவும் சின்னவனும். இது நானும் பெரியவனும். இது அவளும் நீரும். தண்ணிக்குள்ள அவ கைய நீருதான் பிடிக்கணும்னு வியாழக்கிழமையே போட்டுட்டேன். நீரு பாக்காம எந்திரிச்சுப் போயிட்டீரு."

அந்த வட்டத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மகளின் கையை எனக்குக் கொடுப்பதும் அவர்தானா என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவர் வரைந்தபடியே நடந்தது. வண்டியில் இடம் கிடைத்தது, மணல் குளிர்ந்திருந்தது, பொடி இட்லி கையில் ஒட்டவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலைத் தாண்டினேன். முதல் அலை முழங்காலுக்கு வந்தது. இரண்டாவது அவளைத் தூக்கியது. அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டினாள், நகம் பதிந்தது. பிறந்த எட்டாவது மாதத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான். அலை வடிந்ததும் கரைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அப்பா! நைனா என்ன உடவே இல்ல! பாத்தீங்களா?"

மாமா பெரியவனைத் துடைத்துக்கொண்டே கையை உயர்த்தினார். என்னைப் பற்றிய அந்தச் சேதியை அவள் கொண்டுபோய்க் கொடுத்தது அவரிடம். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததும் அதுதான், எரிந்ததும் அதற்குத்தான்.

இப்போது மகளுக்கே இரண்டு பிள்ளைகள். எங்கே கிளம்பினாலும் ரயில் நேரம் எல்லாம் கைபேசியில் பார்த்துவிடுகிறாள். ஆனாலும் முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புறப்பட மாட்டாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். எனக்கும் வயதாகிவிட்டது. அந்த எரிச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிலிருந்து திரும்பி வரும் வண்டியில் மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். தொழிற்சாலை கேண்டீனில் ஆள் எடுக்கிறார்கள், சொல்லட்டுமா என்று மாமா மெதுவாகக் கேட்டார். வேண்டாம் மாமா என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஏன் வேண்டாம் என்றேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பூந்தமல்லி பஸ் ஏறி, அங்கிருந்து, ஆவடிக்கு அதிகத் தூரமில்லாத வேலப்பன்சாவடிக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கல்லூரிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கலவைச் சட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"எத்தினி நாளு இருப்ப நைனா? பாதில ஓடிட மாட்டியே?"

"ஞாயித்துக்கெழம லீவு உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றார். சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டேன்.