பத்து மணிக்கு முன்பே வெளுத்த ஆறு

காலை ஒன்பது ஐம்பது. தோட்ட ஆபீஸ் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்திப் போகும். அதையும் கழித்துத்தான் சொல்கிறேன். சன்னல் வழியே பார்த்தேன். ஆறு வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுக் குனிந்து, வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை மறுபடி பதிய ஆரம்பித்தேன். அந்த நிமிடத்தில் நான் செய்தது அவ்வளவுதான். அப்படிக் குனிந்ததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவிலிருந்து லாரியில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்தவன் என்பதால் தோட்டத்தில் கடிதம் எழுத, படிக்க, பதில் சொல்ல எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். ஆறு என்று சொல்கிறேனே தவிர, அது ஓடைதான். வெயில் காலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. மேலே வளைவில் பாலம். பாலத்துக்குப் பக்கத்திலேயே ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை. அதற்குக் கீழே ஆபீஸ். இன்னும் கீழே பெண்கள் துணி துவைக்கும் துறை. குழாய்த் தண்ணீர் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் வரும் என்பதால் பகல் புழக்கம் எல்லாம் ஆற்றில்தான்.

வெள்ளைத் தண்ணீர் எங்களுக்குப் புதிதல்ல. மரம் சீவிய ஆட்கள் பாலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வாளிகளை ஆற்றில் கழுவுவார்கள். தினமும் பகல் ஒரு மணிவாக்கில் ஆறு அரிசி களைந்த தண்ணீர்போல ஆகும். அரை மணியில் தெளிந்துவிடும். “பால் தண்ணி போவுது, செத்த இருங்க” என்று துறையில் பெண்கள் துணியைக் கல்மேல் வைத்துவிட்டுக் கதை பேசுவார்கள். அதை நாங்கள் அழுக்கென்றோ ஆபத்தென்றோ நினைத்ததே இல்லை. எங்கள் சோறு அதிலிருந்து வருகிறது. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் ஒரு மணிக்கு வெளுக்க வேண்டிய ஆறு பத்து மணிக்கு முன்பே வெளுத்தது ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆட்கள் இன்னும் மரத்தடியில் இருப்பார்கள். பதினொரு வருஷம் அந்தச் சன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை வருகிற மாதிரி இருந்தால், ஆட்களை மேய்க்கும் மண்டோர் முன்னதாகவே கொம்பு ஊதி, பாலை எடுக்கச் சொல்லிவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். கொம்புச் சத்தம் கேட்டதா என்று யோசிக்கவில்லை.

பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய மரப்பாலம் உளுத்துப்போயிருந்தது. குத்தகைக்காரருக்குப் போன கடிதத்தை மானேஜர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். மணல் மூட்டை அடுக்கி ஆற்றைக் குழாய் வழியாகத் திருப்பிவிட வேண்டும். சிமெண்டு படுகிற தண்ணீர் ஆற்றில் கலக்கக் கூடாது. கரையிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி, கலவை மெஷினையும் சாமான்களையும் அதில்தான் கழுவ வேண்டும். இதெல்லாம் எங்களுக்காக எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். கீழே ஆலையில் ரப்பர் ஷீட்டை அந்தத் தண்ணீரில்தான் அலசுவார்கள். தண்ணீர் கெட்டால் ஷீட்டில் கறை விழும், விலை போகாது. அதனால் எழுதியது. தட்டும்போது எனக்கும் துறை ஞாபகம் வரவில்லை.

பத்தேகாலுக்கு என் மனைவி மகளை இழுத்துக்கொண்டு ஆபீஸ் படியேறினாள். பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு துறைக்குப் போயிருந்தாள் மகள். அவளுக்கு ஏழு வயது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துகொண்டு முங்கிக் கூழாங்கல் பொறுக்குவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. இரண்டு கண்ணையும் முஷ்டியால் கசக்கிக்கொண்டு, “கண்ணுக்குள்ள மண்ணு மாதிரி குத்துதுப்பா” என்றாள்.

“பால் தண்ணில முங்கிட்டா இவ. நான் வேணாம் வேணாம்னு கத்துறேன், காதுலயே வாங்கல” என்றாள் மனைவி.

ரப்பர் பாலில் மண் ஏது? இப்போது கேட்கிறேன்.

தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்திலிருந்து கைக்குழந்தைக்காரி ஒருத்தி பின்னாலேயே ஓடிவந்தாள். பிரசவ விடுப்பில் இருந்தவள். மற்ற நாட்களில் மரம் சீவுகிறவள். பால் கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பாடம்: தண்ணீர் காட்டாதே. தண்ணீர் பட்டுக் கசக்கினால் பால் நூல் நூலாகத் திரிந்து இமையில் ஒட்டிக்கொள்ளும். தாய்ப்பால் பீச்சி, விளக்கெண்ணெய் விட்டு, துணியால் கட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் தானாக உருண்டு வந்துவிடும். எத்தனையோ பேருக்கு அப்படி வந்திருக்கிறது. எனக்கே ஒரு தடவை.

“கைய புடிங்க கிராணி, உதைக்குது புள்ள” என்றாள் அவள்.

பிடித்தேன். மகள் திமிறினாள். “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிக்கொண்டே இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தேன். எண்ணெய் விட்டார்கள். என் வேட்டித் துண்டைக் கிழித்து நான்தான் கட்டினேன். இறுக்கமாகக் கட்டினேன், அவிழ்த்துவிடக் கூடாதென்று.

அவள் அழுகை அடங்கவில்லை. பால் பட்ட பிள்ளை அரை மணியில் அடங்கிவிடும். இவள் பதினொன்றரைக்கும் பெஞ்சில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் மண்டோர் வாசலில் வந்து நின்றார். கையில் பால் வாளி. வாளி நிறைய மீன். செப்பாட், கெளுத்தி, விரல்நீள விரால் குஞ்சுகள்.

“கிராணியாரே, இன்னிக்கி மீனுக்கு டவுனுக்குப் போவ வேணாம் லா! ஆறே கொண்டாந்து குடுக்குது. வவுத்த மேல காட்டிக்கிட்டு வருது பாருங்க, அள்ளிக்க அள்ளிக்கன்னு.”

கைக்குழந்தைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்னா அண்ணே இது? நம்ம பால் தண்ணில இத்தினி வருசத்துல ஒரு மீனு செத்துச்சா?”

மண்டோரின் சிரிப்பு நின்றது. நான் கேட்டேன்: “மண்டோரே, பால் எடுத்தாச்சுல்ல?”

“எங்க எடுத்தோம்? கொம்பே ஊதலியே. மழ அந்தப் பக்கமா போயிருச்சு. ஆளுங்க எல்லாம் இன்னும் மர நெறையிலதான் இருக்கு.”

நான் பாலத்துக்கு ஓடினேன்.

மணல் மூட்டைகள் அடுக்கித்தான் இருந்தன. ஆற்றைத் திருப்பிய குழாய்களும் இருந்தன. மூட்டைகளுக்கு உட்புறம், புதுக் கரைச்சுவருக்குக் கலவை கொட்டிய பள்ளத்தில் ஊறிய தண்ணீர் மோர் மாதிரி நின்றது. ஒரு பம்பு அதை உறிஞ்சி, மூட்டைகளுக்கு இந்தப் பக்கம், நேரே ஆற்றில் துப்பிக்கொண்டிருந்தது. கரையில் இரண்டு பேர் கலவை மெஷினின் வாயைச் சாய்த்து வாளி வாளியாக ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவியதும் ஆற்றுக்கே போனது.

வேலையை நடத்தியவர் ஒரு சீனர். எல்லாரும் அவரைக் கெப்பாலா, அதாவது தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். மலாயும் தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனுஷர். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினேன். “குழி எங்க? குழியிலதானே கழுவணும்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “லுபாங்கா? குழிய மூடியாச்சு லா. மூடச் சொன்னது நீங்கதானே, கிராணி.”

ஆமாம். நான்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் லயத்துக்காரர் ஒருவரின் பசு அந்தக் குழியில் சறுக்கி விழுந்தது. கயிறு கட்டித் தூக்குவதற்குள் அரை லயம் கூடிவிட்டது. ஆபீஸ் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். சத்தம் அடங்கினால் போதும் என்று கெப்பாலாவைக் கூப்பிட்டு, குழியை மூடிவிடச் சொன்னேன். “அப்புறம் எங்க கழுவறது?” என்று அவர் கேட்டார். “எங்கயாவது தள்ளிப் பாத்துக்குங்க” என்றேன். அந்தக் கடிதத்தின் நகல் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. வேலி போடச் சொல்லியிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

“எம்பொண்ணு கண்ணு” என்றேன். கெப்பாலா திரும்பி ஏதோ அதட்டினார், பம்பு நின்றது. வாளிக்காரர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள்.

தோட்டத்து லாரி பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது, பாலம்தான் இல்லையே. கெப்பாலாவின் லாரி அக்கரையில், ஈப்போ போகிற பக்கம் நின்றது. ஓடிப்போய் மகளைத் தூக்கிவந்தேன். ஆட்கள் நடப்பதற்காகப் போட்டிருந்த இரண்டு பலகைமேல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்தேன். கீழே பார்க்காதே என்று மனைவி பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். பார்த்தேன். பலகைக்கடியில் தண்ணீர் அதற்குள் தெளிந்து, கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் நடக்காத மாதிரி.

கெப்பாலாவே லாரி ஓட்டினார். செம்மண் பாதையில் அவர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

“கண்ணு கழுவியாச்சா?”

“மருந்து போட்டிருக்கு” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்ததும் தாதி என் முகத்தைப் பார்க்காமல் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனார். கதவு மூடவில்லை. குழாய் வைத்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எண்ணவில்லை, வெகுநேரம். இடது கண்ணின் மேலிமையைப் புரட்டி, பஞ்சால் எதையோ ஒற்றி எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்தார்கள். எண்ணெயில் குழைந்த சாம்பல் நிற மணல், சிமெண்டுச் சுண்ணாம்போடு. பருப்பில் பாதிகூட இருக்காது.

கண் மருத்துவர் வேறு ஊருக்கும் போகிறவர், மூன்றாம் நாள்தான் வருவார் என்றார்கள். அதுவரை இரண்டு கண்ணிலும் கட்டு. மகள் படுக்கையில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள் என்று காலடிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். “இது அம்மா. இது தாதி. இது அப்பா, செருப்ப இழுத்துக்கிட்டு வராரு.” சரியாகச் சொல்லிவிட்டால் சிரிப்பாள். மனைவி அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள். என்னோடு அவள் பேசவில்லை. கைக்குழந்தைக்காரியைத் திட்டவில்லை, கெப்பாலாவைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை.

இரண்டாம் நாள் பகலில் கெப்பாலா வந்தார். சேறு படிந்த காலணியை வார்டு வாசலிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். “குழி புதுசா வெட்டியாச்சு, கிராணி. சுத்தி மூங்கில் வேலி. மாடு விழாது. பம்புத் தண்ணி எல்லாம் அதுலதான். ஆத்துல ஒரு சொட்டு இல்ல.”

“வெட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ரெண்டு ஆளு. காலைல ஆரம்பிச்சு சாப்பாட்டுக்கு முன்ன முடிஞ்சிருச்சு.”

சாப்பாட்டுக்கு முன்னால்! அவர் காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுபக்கக் கரைச்சுவரை அப்புறம் கட்டினார்கள்; ஆறு வெளுக்கவே இல்லை என்று மண்டோர் வந்து சொன்னார். அதைக் கேட்டும் எனக்கு ஆறுதல் வரவில்லை. இன்று நாங்கள் ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். பக்கத்தில் சாலையை அகலப்படுத்தப் பாலம் இடிக்கிறார்கள். வேலைக்குப் போகிறபோது நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அந்த வழியே போனால் இறங்கி, குழி எங்கே என்று கேட்டுவிடுவேனோ என்று பயம். கேட்காமல் வந்துவிடுவேனோ என்று அதைவிடப் பயம்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்குக் கண் மருத்துவர் வந்தார். என் வயதுகூட இருக்காத ஒரு மலாய்ப் பெண். கட்டைப் பிரித்தார். சின்ன விளக்கை வலது கண்ணருகே கொண்டுபோனார்; மகள் கண்ணைச் சுருக்கினாள். இடது கண்ணில் வெகுநேரம் பார்த்தார். அந்தக் கண்ணின் கறுப்பின்மேல் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. சுவரில் இருந்த பெரிய எழுத்துகளைக் காட்டி, வலது கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார். மகள் சுவர் இருந்த பக்கம் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

மருத்துவர் சீட்டைப் புரட்டினார். தாதி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எண்ணெய் விட்டது யார் என்று மலாயில் கேட்டார்.

“நான்” என்றேன்.

“எத்தனை மணி நேரம்?”

“ரெண்டரை.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. வலது கண் நன்றாகவே தெரியும், பயப்பட வேண்டாம் என்றார். இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது, இனிமேலும் தெரியாது என்றார். பிறகு மகளுக்குக் கேட்கக் கூடாதென்று என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

“ஐயா, உங்க வீட்டுப் பானையில தண்ணி இருந்திருக்குமே. அதை எடுத்து ஊத்திக்கிட்டே இருந்திருந்தா போதும்.”