மதிப்பெண் ஏறிய ஊர்

தூத்துக்குடியில் நான் பார்த்த வேலையை என் அம்மாவிடம்கூட ஒழுங்காக விளக்கியதில்லை. ஓர் ஆய்வு நிறுவனம் நகரங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. எந்த ஊர் குறைவான தண்ணீரையும் மின்சாரத்தையும் செலவழித்து, குறைவாகப் புகை விட்டு, நிறையப் பேருக்குப் பிழைப்புக் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். எங்கள் ஊர்த் தகவல்களைச் சேகரித்து அனுப்புவது என் பொறுப்பு. துறைமுகச் சாலையோரம் காற்றின் தூசியை அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தோம். அதன் பில்டர் பேப்பரை மாற்றப் போகும்போதெல்லாம் விரல் கரியாகும்.

அந்த வருஷ முடிவில் எங்கள் ஊர் பட்டியலில் மேலே ஏறியிருந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது, பில்டர் பேப்பர் முன்னைவிடக் கறுப்பாக அல்லவா இருந்தது? மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

“சார், தூசி கூடியிருக்கு. மார்க்கும் கூடியிருக்கே?”

“தூசி கொஞ்சம்தாம்மா கூடியிருக்கு. துறைமுகத்துச் சரக்கு அதைவிடக் கூடியிருக்கு. ஜனத்தொகையும் கூடிட்டு. வகுத்துப் பாருங்க, தலைக்கு இவ்வளவுன்னு குறைஞ்சுதான வரும்?”

வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. எங்காவது தப்பு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் கணவர் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மகளுக்கு மூச்சிழுப்பு. இடம் மாறினால் தேவலை என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

“ஏளா, நீதான காத்த அளக்குத? ஒண்ணு சொல்லு. இவளக் கூட்டிக்கிட்டு ஏரலுக்குப் போயிரட்டா? எங்க அம்மை வீடு சும்மாதான் கெடக்கு. கடைய அவுக பாத்துக்கிடுவாக.”

நம்ம ஊர் முன்னேறியிருக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சிறுமி இருமுவது கேட்டது.

“போங்கக்கா” என்றேன்.

“அப்போ இங்கன காத்து மோசமா?”

“ரிப்போர்ட்ல நல்லாத்தான் இருக்கு.”

“என்னளா, ரெண்டையும் சொல்லுத!”

அவர்கள் போனார்கள். ஏரலில் அவளுக்கு மூச்சு சீரானது. அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னார். நல்லவேளை, சரியாகச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தேன். அறுவடை முடிந்து வயல்களில் அரிதாளைக் கொளுத்தியபோது இழுப்பு திரும்ப வந்துவிட்டது.

“இங்கன உள்ள காத்து எப்படின்னு பாத்துச் சொல்லேன்” என்றார் அக்கா.

என்னத்தைப் பார்ப்பது? ஏரல் எங்கள் ஆய்வில் இல்லை. அங்கே நாங்கள் எதையும் அளக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். பருப்பை நிறுத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார். “அவுகள இங்கன கூட்டிட்டு வந்துரட்டா, இல்ல அங்கனயே இருக்கட்டுமா? நீ சொல்லுதபடி செஞ்சிருதேன்.”

“மழை பெய்யட்டும் அண்ணாச்சி, பாப்போம்” என்றேன்.

அவர் நம்பித் தலையாட்டினார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.