சோளகத்தில் மூன்று சைக்கிள்கள்

பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடத்தில் நாட்டில் எல்லாரும் ஏதோ ஒன்றை இழந்தார்கள். நான் இழந்தது ஒரு ஸ்கூட்டியின் பின் சீற்றை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

என் சிநேகிதியும் நானும் ஓமந்தைப் பக்கம் ஒரே ஒழுங்கையில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். வவுனியா ரவுனில் எனக்கு ஒரு பாமசியில் வேலை, அவளுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. ஸ்கூட்டி அவளுடையது. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் இருந்து அவளுடைய தோளுக்கு மேலால் தலையை நீட்டிக் கதைத்துக்கொண்டு போவேன். மாமியாரில் தொடங்கி மழை வரைக்கும் நாங்கள் கதைக்காதது ஒன்றுமில்லை. ரவுனில் இறங்கும்போது பாதிக் கதை மிச்சமிருக்கும், அதைப் பின்னேரம் திரும்பி வரும்போது முடிப்போம். அவள் வீட்டில் என்ன நடந்தாலும் அதை முதலில் கேட்கிற காது என்னுடையது. அதில் எனக்கு உள்ளுக்குள் நல்ல பெருமை.

பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று வெறும் தாங்கியோடு திரும்பி வந்த பிறகு அவள் ஸ்கூட்டியைச் சாக்கால் மூடி வைத்துவிட்டாள். பஸ்ஸில் தொங்கிப் போகக்கூட இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கிடந்த பழைய சைக்கிள்களை எடுத்துத் துடைத்து, ரியூப் மாற்றி, எண்ணெய் விட்டோம். அவளுடைய கடை மின்வெட்டால் மத்தியானத்தோடு பூட்டிவிடும், என்னுடையது இருட்டும் வரை திறந்திருக்கும். ஆகையால் ஒன்றாகப் போவதற்கு எங்களுக்குக் காலை மட்டும்தான் மிஞ்சியது.

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் சோளகம் எழும்பிவிடும். தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று ரவுனுக்குப் போகிறவர்களின் முகத்தில்தான் அடிக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு. முதல் கிழமை பாதி வழி போவதற்குள் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஒரு மதகில் குந்தியிருந்து இன்ஹேலரை அடிப்பேன். அவள் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, தன் சைக்கிளையும் என் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாமசிக்காரிக்கே இந்த நிலைமை என்று அவள் பகிடி பண்ணுவாள். தொடை இரண்டும் கல்லாகி, கடையில் கதிரையில் இருந்தால் எழும்ப முடியாது. ஆனாலும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். ஸ்கூட்டியில் அவளுடைய முதுகோடுதான் கதைத்தேன், இப்போது பக்கத்தில் முகம் பார்த்துக் கதைக்கலாம்.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைதான். ஒரு நாள் நான் மதகில் குந்தியிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெட்டை வந்து சைக்கிளை நிறுத்தினாள். எங்கள் ஊரைவிட இன்னும் அங்காலே இருக்கிறவள். ரவுனில் ஒரு புடைவைக்கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

“அக்காமார், ரவுனுக்கோ? நானும் தனியத்தான் போறன். உங்களோட வரட்டே?” என்றாள்.

நான் வாயில் மருந்தோடு இருந்தேன், பதில் சொல்ல முடியவில்லை. என் சிநேகிதி அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ கதைத்தாள். இரண்டு பேரும் ஒரு தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிநேகிதி என்னிடம் வந்து, “ரோட்டில மூண்டு பேர் போகேலாது. நீ பின்னால வா” என்றாள்.

எத்தனையோ வருடச் சிநேகிதியைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு முன் வந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறாள். முதல் நாள்தானே, புதுப் பிள்ளை, மரியாதைக்குச் செய்கிறாள் என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். அடுத்த நாள் அந்தப் பெட்டை எங்கள் ஒழுங்கை முகப்பில் மர நிழலில் காத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் நான்தான் பின்னால். அதற்கு அடுத்த நாளும் நான்தான்.

பின்னால் போவதில் இருக்கிற கொடுமை, போனவர்களுக்குத்தான் தெரியும். எதிர்க்காற்று என்றபடியால் முன்னால் போகிறவர்களின் சிரிப்பு முழுசாக என் காதுக்கு வந்து சேரும். நான் சொல்லுகிற ஒரு சொல்லும் அவர்களுக்குப் போகாது. “அது அப்பிடியில்லையடி, அண்டைக்கு நானும் நிண்டனான்” என்று நடுவில் கத்துவேன். இரண்டு தலையும் திரும்பாது. வேண்டுமென்று காது கேளாத மாதிரிப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதோடு, அவள் சொல்லிக்கொண்டு போனதெல்லாம் என் கதைகள். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போன கதையை எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள். எனக்குச் சொன்னபோது நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இந்தப் பெட்டைக்குச் சொல்லும்போது அதில் இன்னும் இரண்டு சங்கதி கூட வந்தது. எனக்கு ஏன் அதைச் சொல்லாமல் விட்டாள்? அன்றைக்கு முழுக்கப் பாமசியில் யார் என்ன மருந்து கேட்டாலும் நான் எரிந்துதான் விழுந்தேன்.

பாலைப்பழக் காலம் அது. ரோட்டுக் கரையில் குவித்து வைத்து விற்பார்கள். அவள் ஒரு கடதாசிச் சரை நிறைய வாங்கி, சைக்கிள் ஓடிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பெட்டையின் கையில் கொடுப்பாள். எனக்கு ரவுனுக்குப் போய் இறங்கிய பிறகு சரையின் அடியில் நசுங்கிக் கிடப்பது வரும். பழத்தின் பால் உதட்டில் ஒட்டுகிறது என்று சொல்லி வேண்டாமென்றேன். “உனக்குப் பாலைப்பழம் எண்டால் உயிரெல்லோ?” என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் விறுவிறென்று கடைக்குள் போய்விட்டேன்.

ஒரேயொரு ஆறுதல் இருந்தது. என் உடம்பு தேறிக்கொண்டு வந்தது. மூன்றாம் கிழமையளவில் மதகில் குந்துகிற வேலை நின்றது, இன்ஹேலர் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. பார்த்தீர்களா, வயது போனாலும் பழக்கினால் எதுவும் பழகும் என்று கடையில் எல்லாருக்கும் சொன்னேன். நன்றாக ஓடுகிறவளைப் பின்னால் விட்டு வைத்திருக்கிறார்களே என்று எரிச்சல் இன்னும் கூடியது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெளிப்பக்கத்தால் எட்டி மிதித்து என் சிநேகிதியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். பின்னால் வந்த பஸ் காது கிழிய ஹோன் அடித்தது.

“உனக்கென்ன விசரே? பேசாமல் பின்னால வா!” என்று அந்தப் பெட்டைக்கு முன்னால் வைத்தே கத்தினாள். அந்தப் பெட்டை குனிந்து சிரித்தாள். அவளுடைய சங்கிலியில் பாவாடை மாட்டி அவள் ரோட்டில் விழ வேண்டும் என்று நான் கடவுளைக் கேட்டேன். பிறகு பயந்துபோய், காயம் வராமல் விழட்டும் என்று திருத்திக் கேட்டேன்.

ஆவணி முடியும் மட்டில் பெற்றோல் வரத் தொடங்கியது. கிழமைக்கு இவ்வளவு என்று ரெலிபோனில் கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடிக்கிற முறை. ஒரு பின்னேரம் வேலிக்கு அங்காலிருந்து, “நாளையில இருந்து ஸ்கூட்டிதான்!” என்று என் சிநேகிதி கத்தினாள். எனக்கு அது போதும். ஸ்கூட்டியில் பின் சீற் ஒன்றுதான், அதில் யார் இருப்பது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. சைக்கிளைக் கோடிப்பக்கம் கொண்டுபோய்ச் சாத்தினேன். காலையில் நல்ல பாவாடையும் சட்டையும் போட்டு, பவுடர் பூசி, ஒழுங்கை முகப்பில் போய் நின்றேன். அந்தப் பெட்டை வந்து தனியே மிதித்துக்கொண்டு போவதை ஸ்கூட்டியில் இருந்து திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஸ்கூட்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அவளுடைய கணவர். பின் சீற்றில், என் சீற்றில், அவள் இருந்தாள்.

“சைக்கிள் எங்கயடி?”

“ரயரில காத்துப் போட்டுது” என்றேன்.

“ஐயோ! உனக்குச் சொல்ல மறந்துபோனன். இவருக்கும் இனி ரவுனிலதான் மேசன் வேலை. நீ பஸ்ஸைப் பாத்து வா, என்ன?”

ஸ்கூட்டி போய்விட்டது. அந்த மனிதரோடு எனக்கு ஒரு நாளும் கோபதாபம் இருந்ததில்லை, தங்கமான ஆள். அன்றைக்கு அவருடைய முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பவுடர் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பஸ் நிற்பாட்டாமல் போனது.

பிறகு அந்தப் பெட்டை வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சைக்கிள் எங்கே என்று கேட்கவில்லை. கரியரைத் துடைத்து, “ஏறுங்கோ அக்கா” என்றாள். வேறு வழியில்லை, ஏறினேன். இப்போதும் நான்தான் பின்னால்.

கொஞ்சத் தூரம் போனதும் அவள் திரும்பாமல் சொன்னாள்: “தலையைக் குனிஞ்சு என்ர முதுகுக்குப் பின்னால வையுங்கோ. உங்களுக்குக் காத்துப் படக்கூடாது.”

“எனக்குக் காத்துப் பட்டால் உனக்கென்ன?” என்று அவளுடைய காதடியில் கத்தினேன்.

“அவா என்னைக் கொல்லுவா. முதல் நாளே சொன்னவா எல்லோ, ‘இவளுக்குத் தொய்வு. நாங்கள் ரெண்டு பேரும் முன்னால மறைச்சுக்கொண்டு போவம், இவள் பின்னால வரட்டும். இவளுக்குச் சொல்லிப்போடாத, சொன்னால் ரோசத்தில முன்னுக்கு வந்து நிப்பாள்’ எண்டு. எனக்கும் அந்தக் காத்துக்க மிதிச்சு மிதிச்சு ரெண்டு காலும் மரத்துப் போச்சு. ஒரு நாளெண்டாலும் பின்னால வர எனக்கு ஆசைதான்.”

நான் தலையைக் குனிந்தேன். அவளுடைய முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. என் கால்கள் பழகிவிட்டன என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு முள் குத்தியது. இவ்வளவு நாளும் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், எனக்குத் தெரியாத ஒரு இரகசியம் இருந்திருக்கிறதே.

தாண்டிக்குளத்தடியில் நான் கரியரில் இருந்து குதித்தேன். “இறங்கு. நீ பின்னால இரு, நான் மிதிக்கிறன்.”

“ஐயோ வேண்டாம் அக்கா, அவா அறிஞ்சால்…”

“அவாவை விடு. ஏறு!”

மிதித்தேன். சோளகம் முகத்தில் ஈரத் துணியால் அடிப்பது மாதிரி அடித்தது. நூறு யார் தூரம் போவதற்குள் நெஞ்சு விசில் அடித்தது. அவள் பின்னால் இருந்து ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள், ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் விளங்கியது, முன்னால் போனவர்களுக்கு உண்மையாகவே கேட்டிருக்காது. “பலமாச் சொல்லு!” என்று கத்தினேன்.

அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: “களைச்சால் சொல்லுங்கோ, இறங்கிறன்!”

பக்கத்தால் போன ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “எனக்கு ஒண்டும் களைக்கேல்ல தங்கச்சி, நீர் ஏறும்!” என்றார். சைக்கிள் ஆடியது. நாங்கள் விழாமல் போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். எனக்கு இழுப்பும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அப்படிச் சிரித்தபடியே கடைத்தெருவுக்குள் வந்தோம். என் சிநேகிதி கடையைப் பாதி திறந்தபடி, பூட்டும் திறப்பும் கையுமாக நின்றாள். எங்களைக் கண்டு முதலில் சிரித்தாள். பிறகு, நான் முன்னாலும் அந்தப் பெட்டை பின்னாலும் இருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“நீ ஏனடி மிதிச்சனி?” என்றாள். பிறகு, “அப்பிடி என்ன பெரிய பகிடி?”

“ஒண்டுமில்லை அக்கா, வழியில ஒரு கதை” என்றாள் பெட்டை.

“என்ன கதை?”

நான் இன்ஹேலரை எடுத்து ஆறுதலாக இரண்டு தரம் அடித்தேன். அவள் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வைகாசியில் இருந்து அதை வைத்துக்கொண்டுதான் நான் சைக்கிள் ஓடினேன்.

“நாளைக்கு இவர் ஸ்கூட்டியில தனியப் போகட்டும்” என்றாள். “நான் உங்களோட சைக்கிள்லதான் வாறன்.”

“ஓம், வா” என்றேன். “ஆனால் ரோட்டில மூண்டு பேர் போகேலாது. நீ பின்னால வா.”