ஸ்டேஷன் வரை போய் வந்த பூட்ஸ்

என் மாமா ஒரு கோழை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்கு ஒரே மாமா, இன்றைக்குக் குடும்பத்தில் எல்லாரும் காலில் விழுந்து திருநீறு வாங்குகிற மனிதர், அவரைத்தான் சொல்கிறேன். லீவு முடிந்தும் மிலிட்டரிக்குத் திரும்பிப் போகவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அது அவர் பாடு. பதினோரு வயதுப் பெண்ணின் தலையில் ஒரு பழியைத் தூக்கி வைத்துவிட்டு, முப்பத்தைந்து வருஷமாக அதை இறக்கி வைக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அதற்காகச் சொல்கிறேன்.

குடும்பத்தில் எனக்குப் பெயர் சிஐடி. நான் வீட்டுக்குள் நுழைந்தால் சித்தி சொல்வாள்: "சிஐடி வந்துட்சி. யாரு ஊட்டு ரகசியம்னாலும் மூடி வெச்சிக்கங்க." எல்லாரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு மிலிட்டரிக்கு உடுப்பு தைக்கிற வேலை. அதிலும் பேண்டின் கால் பகுதி மட்டும். ஆயிரக்கணக்கான பேண்டுகளுக்குக் கால் தைத்த மனிதர், தன் பேண்டை ஒருநாளும் ஒழுங்காகப் போட்டதில்லை. ஒரு கால் செருப்புக்கு அடியில் மிதிபடும், இன்னொரு கால் கணுக்காலுக்கு மேலே நிற்கும். துணி தைக்கிறவனுக்கு அதை உடுத்தத் தெரிய வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டுப்பாக்கத்தில் சித்தி கல்யாணத்துக்கு மாமா ஒரு மாத லீவில் வந்தார். கல்யாணம் முடிந்தது. லீவும் முடிந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அது போதுமாகவும் இருந்தது.

தினமும் காலையில் அவர் உடுத்துவதைப் பார்க்க நான் பல் தேய்க்காமல் உட்கார்ந்திருப்பேன். முதல் நாளே கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வைத்த பச்சைப் பேண்ட். அதன் மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும் போல இருக்கும். காலை விட்டதும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் முழங்காலில் சுருக்கம் விழுமாம். நின்றபடியே ஒவ்வொரு காலாக முக்காலி மேல் தூக்கி வைத்துப் பூட்ஸ் மாட்டுவார். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று பூட்ஸின் கழுத்தில் ஏறும். பேண்டின் மிச்சத் துணியை வெளிப்பக்கமாக மடித்து, பின்னால் கொண்டுபோய், அந்த வளையத்துக்குள் செருகுவார். துணி பூட்ஸின் மேல் ஒரே அளவாக விழும். வளையம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து.

லேஸ் கட்ட எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூட ஷூவுக்குப் போடுவது போலக் குறுக்கே போட்டேன். கையில் தட்டினார்.

"குறுக்கால போடாத. ஏணிப்படி மாதிரி நேரா போடு. கால்ல குண்டு பட்டா, பிளேட வெச்சி மேலேந்து ஒரே இழுப்பு, பூட்ஸ் தனியா வந்துரும். குறுக்கால கீதுன்னா அவுக்கறதுக்குள்ள ஆளு பூடுவான்."

அன்றிலிருந்து என் பள்ளிக்கூட ஷூவுக்கும் நேர் லேஸ்தான். வகுப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் குண்டு பட்டால் வசதி என்று விளக்கம் சொன்னேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்.

இப்படி உடுத்திக்கொண்டு மாமா எங்கே போவார் என்றால், ஸ்டேஷனுக்கு. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி லுங்கிக்கு மாறுவார். பூட்ஸை மறுபடி துடைப்பார். இது எனக்கு விளங்கவில்லை. டூட்டி என்றால் சாயங்காலம் வரை இருக்க வேண்டும். அப்பா அப்படித்தான் போய் வந்தார்.

ஒரு சனிக்கிழமை அடம்பிடித்து அவர் கூடவே போனேன். பிளாட்பாரத்தில் விறைப்பாக நின்றார். மெட்ராஸ் போகிற மின்சார ரயில் வந்தது. ஜனம் ஏறியது. மாமா ஒரு காலை ரயில் படியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். ரயில் போய்விட்டது. அவர் குனிந்து லேஸைப் பிடித்துக்கொண்டு, அவிழ்ந்துவிட்டது என்றார். அது அவிழவில்லை. முடிச்சைப் பூட்ஸுக்குள் செருகிவிட்டால் அது அவிழாது என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அம்மாவிடம் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. நான் சிஐடியாம்.

அடுத்த வாரம் என் கையில் ஓர் இன்லேண்ட் கடிதத்தைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். மேலே இங்கிலீஷில் ஏதோ ஆபீஸ் பெயர். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து ஒட்டினேன். சாம்பார் சோறு. நீலக் காகிதத்தில் என் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. மாமா பார்ப்பதற்குள் ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பத்து நாள் இருக்கும். இரண்டு பேர் வந்தார்கள். சாதாரணச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. ஒருவர் தமிழ் பேசினார். மாமா பெயரைச் சொல்லிக் கேட்டார். அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அவன் போன மாசமே ரயிலேறிவிட்டான் என்று கண் சிமிட்டாமல் சொன்னாள். நான் திகைத்துப் போனேன். பொய் சொன்னால் எனக்கு வாயில் சூடு வைப்பேன் என்கிறவள் அவள். மாமா பத்தடி தூரத்தில், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்ததும் தமிழ் பேசினவரின் பேண்ட் கொஞ்சம் மேலே ஏறியது. உள்ளே கறுப்பு பூட்ஸ். லேஸ் ஏணிப்படி மாதிரி நேராக இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அங்கிள், நீங்களும் மிலிட்டரியா? எங்க மாமாவும் இப்டிதான் நேரா போடுவாரு. பின்னால பூட்ஸ் தொடச்சிகினு கீறாரு. கூப்டட்டா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இன்னொருவர் கையில் வைத்திருந்த நீலக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மடிக்கும்போது பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளாக என் கட்டைவிரல். கடிதத்தை அழுக்காக்கியதற்கு ஆபீஸிலிருந்தே ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒளித்தேன்.

மாமா வந்தார். அவர்களைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. பத்து நிமிஷம் கேட்டார். கொடுத்தார்கள். கஞ்சி போட்ட பேண்ட் தயாராகவே இருந்தது. நின்றபடி, ஒவ்வொரு காலாக, ரப்பர் வளையம், மடிப்பு, லேஸ். அம்மா அடுக்களையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மாமா என் பக்கம் முதுகைத் திருப்பி நின்றார்.

"பின்னாடி மடிப்பு சரியா கீதா பாரு."

இடது காலில் வளையம் கொஞ்சம் தெரிந்தது. நான் உள்ளே தள்ளினேன். சரியாக இருக்கிறது என்றேன்.

வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து அவர் சொன்னார்: "கொயந்த தெரியாம சொல்லிட்சி. அவள ஒண்ணியும் சொல்லாதக்கா."

எவ்வளவு அன்பான வார்த்தை. என் தலையில் முத்திரை குத்திய வார்த்தையும் அதுதான்.

இரண்டு வாரம் அம்மா எனக்குத் தலை பின்னவில்லை. அப்பாதான் பின்னிவிட்டார். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்திலுமாக, அவர் பேண்ட் போடுகிற லட்சணத்திலேயே. அம்மா பேசவில்லை. ஆனால் அப்பா சம்பந்தமே இல்லாமல் காராபூந்தி வாங்கிக் கொடுத்தார். லீவு முடிந்தும் போகாதவனை வீட்டில் வைத்திருந்தது தெரிந்தால் குவார்ட்டர்ஸும் வேலையும் போயிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் செய்தது தப்பா, நல்லதா? ஒருத்தி பட்டினி போடாத குறை, ஒருத்தர் காராபூந்தி. அந்த வயதில் யாரைத்தான் நம்புவது?

சில மாதம் கழித்து மாமா செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். தண்டனை அனுபவித்து, வேலை போய், மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். அப்புறம் பட்டறை அவருடையதே ஆனது. அதற்குப் பிறகு அவர் பூட்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

இருபது வயதில் ஒருநாள், தபால் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில், என் தட்டுச் சோற்றால் ஒட்டிய கடிதம், அவர்கள் கைக்கு எப்படிப் போனது? நேராகப் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். லேத்தை ஓட விட்டார். சத்தத்தில் கேட்கவில்லை என்று காதைக் காட்டினார்.

தினமும் அத்தனை ஒழுங்காக உடுத்திக்கொண்டு போனவருக்கு ரயில் படியில் இரண்டாவது காலை வைக்க முடியவில்லை. யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று எழுதியிருக்கிறார். அதை அக்காவிடம் சொல்லவும் முடியவில்லை. இதெல்லாம் இப்போது எனக்குப் புரியாமல் இல்லை. அன்று என் பக்கம் முதுகைத் திருப்பி நின்றது பேண்டின் மடிப்பைக் காட்ட மட்டும்தானா என்பதுதான் இன்னும் புரியவில்லை.

வருகிற தை மாதம் திருவேற்காட்டில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மொத்தக் குடும்பமும் வரும். சிஐடியும் வருவாள். மாமா, அந்த மேடையில் நின்று எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியது யார்? அம்மாவுக்கு இப்போது காது மந்தம். மைக்கில் சொல்லுங்கள்.