ஒன்பது வீட்டுக்காரி

தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: போன மாத எண்ணைப் பார்க்காதே. பார்த்தால் கை சும்மா இருக்காது. குனிந்து மூடியைத் திறக்கச் சோம்பல்பட்டு, போன மாத எண்ணோடு பத்தோ பதினைந்தோ கூட்டி எழுதிவிட்டு நடையைக் கட்டிவிடும். இந்த மாதம் மீட்டரில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுது, ஒப்பிட்டுப் பார்ப்பது அலுவலகத்தின் பாடு என்றார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே எழுதினேன். அந்த நல்ல பழக்கம்தான் அக்காவின் குடியைக் கெடுத்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பக்கத்து வார்டில் மீட்டர் பார்த்தவள், எனக்கு நாலு வருடம் முந்தி வேலைக்கு வந்தவள். தோளில் ஒரு துணிப்பை, அதில் டார்ச், மூடியை நெம்ப ஒரு இரும்புக் கம்பி. வாய் கொஞ்சம் நீளம். மெதுவாக வேலை செய்கிறாள் என்று குறை சொன்ன மேலதிகாரியை, ஒரு நாள் தன்னோடு வந்து நூறு வீட்டில் குனிந்து நிமிரும்படி எல்லார் முன்னாலும் கேட்டாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு அவள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அவள் கணவருக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை வேலை. எங்கள் நகரத்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் சோறு. மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதும். குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பும். தொழிற்சாலையை மூடியபோது முதலில் சங்கு நின்றது, பிறகு பேருந்து நின்றது, பிறகு ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது. ஐந்து நாற்காலி போட்டிருந்த முடிதிருத்தும் கடையில் இப்போது ஒரு நாற்காலி, அதிலும் கடைக்காரரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடமே அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேலை போன ஏக்கம் என்று அக்கா சொன்னாள். நான் அக்காவைத்தான் நம்பினேன்.

அவள் தெருவில் நாற்பது வீடு. ஒவ்வொரு குடும்பமாகப் பிழைப்புத் தேடிப் போனது. போகிறவர்கள் பலரும் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் வந்துவிடுவோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பதினேழு சாவி சேர்ந்தது. அத்தனை பேர் பேச்சையும் அவள் நம்பினாள். கடைசியில் அவளுடைய ஒரே மகனும் வேறு ஊரில் லாரி ஓட்டப் போனான். அவனும் அதையேதான் சொன்னான். ஐந்து வருடம் ஆகியும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. தொழிற்சாலை நிலத்தில் சின்னச் சின்னப் பட்டறைகள் வரப்போகின்றன. ஆள் இருக்கிற தெருக்களுக்குப் புதுக் குழாய், புது விளக்கு, அந்தத் தெருக்காரர்களுக்கு வேலையில் முதல் இடம். ஆள் இல்லாத தெருக்களை மூடிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். ஆள் இருக்கிறார்களா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? தண்ணீரை வைத்துத்தான். ஒரு வருடக் கணக்கில், பாதி வீடுகளிலாவது குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடியிருக்க வேண்டும்.

அக்காவின் தெருவில் பாதி என்றால் இருபது. அவளையும் சேர்த்து அங்கே குடியிருந்தது பதினோரு வீடு.

அன்று மாலையே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒன்பது வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போயேன், எதற்கு வீண் அலைச்சல் என்று நான் யோசனை சொன்னேன். முறைத்தாள்.

"தண்ணிய சாக்கடையில விட்டுட்டு வீட்டுல ஆள் இருக்குன்னு சொன்னா அது பொய். நான் அங்க குளிச்சா, அந்த வீட்டுல ஒருத்தி குளிச்சது நிஜம்."

அந்த ஒரு வருடம் அவள் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு வீட்டில் குளிப்பாள், ஒரு வீட்டில் சமைப்பாள், ஒரு வீட்டில் துவைப்பாள். ஐந்து வருடத் தூசி படிந்த கூடங்களை முறைவைத்துக் கழுவித் துடைப்பாள். அடுத்த வாரம் எல்லாம் இடம் மாறும். துவைக்கத் துணி போதவில்லை என்று என் வீட்டுப் போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். அவை அவ்வளவு வெளுப்பாக இருந்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒரு குடித்தனம் நடத்தவே நாக்குத் தள்ளுகிறது, இவள் ஒன்பது நடத்துகிறாளே என்று தெருவில் கேலி பேசினார்கள். ஒன்பது வீட்டுக்காரி என்று பேரே வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் கோபமே இல்லை. மகனுக்குப் போன் போட்டு, பட்டறை வரப்போகிறது, தெரு பிழைத்துவிடும், வந்துவிடு என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்பான் அவன். அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சொந்த வீட்டு மீட்டரை நாமே பார்க்கக் கூடாது. பக்கத்து வார்டுக்காரர் வந்து பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். ஆகவே அக்கா வீட்டு மீட்டரைப் பார்த்தவன் நான். மாதா மாதம் போவேன். பெரும்பாலும் அவள் ஏதாவது ஒரு வீட்டில் தரை கழுவிக்கொண்டிருப்பாள். வாசலோரம் இருந்த மூடியைத் திறந்து எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். போன மாத எண்ணைப் பார்ப்பதில்லை. படித்த பாடம் அப்படி.

வருடம் முடிந்து பட்டியல் வந்தது. அவள் தெருவுக்கு நேரே பத்தொன்பது என்று போட்டிருந்தது.

ஒன்பது வீடும் பட்டியலில் இருந்தன. ஆள் குடியிருந்த பதினொன்றில் பத்து வீடும் இருந்தன. இல்லாதது அவள் வீடு. அதற்கு நேரே 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். குளியல் ஒரு வீட்டில், சமையல் ஒரு வீட்டில், குடிக்கிற தண்ணீரைக்கூட வேறு வீட்டில் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, படுக்க மட்டும்தான் அவள் தன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பன்னிரண்டு சீட்டும் என் கையெழுத்தில் இருந்தன. ஒரே ஒரு மாதம் முந்தைய சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அன்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு வழி இருந்தது. ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம். மீட்டர் பழுது என்று எழுதிக் கொடுத்தால், அந்த வீட்டை ஆள் இருக்கிற வீடாகவே எடுத்துக்கொள்வார்கள். பார்த்தவன் கையெழுத்தும் வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை நிரப்பி என் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா படிவத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள். கம்பியால் மூடியை நெம்பி, டார்ச் அடித்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். முள் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மீட்டர் மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. நான்தான் இந்த வீட்டுல இல்ல."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வருடம் மாடாக உழைத்துவிட்டு ஒரு கையெழுத்துக்கு இப்படி வீம்பு பிடிக்கிறாயே என்று கத்தினேன். உன் மகன் வர வேண்டாமா என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேனாவை வாங்கி வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து படிவத்தில் சொட்டியது, துடைக்கவில்லை.

"அவன் வரணும்னு உன்னவிட எனக்கு ஆசை இல்லையா? ஆனா இதுல பொய் எழுதிட்டா, அந்த ஒன்பது வீட்டுல நான் செஞ்சதும் பொய்யாயிடும்பா."

பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினாள். உள்ளே போய்க் குழாயை நிறுத்தினாள். அவள் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்திருக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. படிவத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, இன்றும் பீரோவில் கிடக்கிறது.

மூன்று மாதம் கழித்து அந்தத் தெருவின் பிரதான வால்வை மூடினார்கள். மகன் வந்தான். இத்தனை வருடம் அவள் வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அவளை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு வந்தான். சாமான் அதிகமில்லை. அவள் ஏறுவதற்கு முன் ஒன்பது வீட்டுக்கும் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

என் தெரு பட்டியலில் தேறிவிட்டது. புது விளக்கு எரிகிறது, புதுக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது. தொழிற்சாலை நிலத்தில் மூன்று பட்டறை திறந்திருக்கிறார்கள். லாரி ஓட்ட ஆள் தேவை என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது அதைப் படிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தாள். பதினெட்டுச் சாவி இருந்தது. கடைசியாகக் கோத்திருந்தது அவள் வீட்டுச் சாவி.

"ஒரு வருஷத்துல வந்துடுவேன், பாத்துக்கோ."

சரிக்கா என்று வாங்கிக்கொண்டேன்.